அடைகாக்கும் வாய்

ஆள் நிழல் பட்டால் மீன்குஞ்சு ஓடி ஒளிய வேண்டும். இந்தக் குஞ்சுகள் ஓடவில்லை. பல்செட்காரர் தொட்டியின் முன் குனிந்ததும், மணலில் சிதறிக் கிடந்தவை எல்லாம் ஒரே நேரத்தில் திரும்பி, கண்ணாடியை ஒட்டி வந்து நின்றன. அவர் கண்ணுக்கு நேராக அல்ல. கொஞ்சம் கீழே. வாய்க்கு நேராக.

“அப்பன் வீட்டுச் செல்லங்களா!” என்று சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

பல் வைத்தியர்களுக்குப் பொய்ப்பல் வார்த்துக் கொடுத்தே தலை நரைத்தவர் அவர். தான் செய்த பல்லையெல்லாம் திருப்பிக் கேட்டால் ஊரில் பாதிப் பேர் பொக்கை வாயோடுதான் நிற்க வேண்டும், மீதிப் பாதி வெட்கத்தில் வாயே திறக்காது என்று பீற்றிக்கொள்வார். “எந்த வாயா இருந்தாலும் என் கைக்குத் தொறக்கும்” என்பது அவருடைய தாரக மந்திரம். “மூட வைக்கத்தான் தெரியல. உங்க வாயையும் சேர்த்து” என்பாள் மனைவி.

தொட்டி மகளுடையது. தலைப்பிரசவம், ரத்த அழுத்தம் ஏறிவிட்டதென்று டாக்டர் முன்கூட்டியே ஆஸ்பத்திரியில் படுக்க வைத்துவிட்டார். போகும்போது மகள் தொட்டியைத் தடவிக்கொண்டு சொன்னாள்:

“அப்பா, இது முட்டையை வாயிலயே வச்சு அடைகாக்குற மீனு. குஞ்சு பொரிஞ்சாலும் வாய்க்குள்ளதான் வச்சிருக்கும். அதுவா துப்புற வரைக்கும் பட்டினி. நீங்க பாட்டுக்குக் கை வச்சிடாதீங்க. உங்க கை சும்மா இருக்காது.”

“எங்கிட்டயே வாயப் பத்திப் பாடமா?”

“விளையாடாதீங்கப்பா. அவளும் நானும் ஒண்ணா பெத்துக்கப் போறோம்.”

கை சும்மா இருக்கவில்லை. மனைவி மகளுக்குத் துணையாக ஆஸ்பத்திரிக்குப் போய்விட, வீட்டில் அவரும் மீனும்தான். வீங்கிய தொண்டையோடு மூலையில் நின்று, தாடையை மெல்ல அசைத்து அசைத்து உள்ளிருப்பதைப் புரட்டிக்கொண்டிருந்தது அது. மகள் வரும்போது தொட்டி நிறையக் குஞ்சு நீந்தினால் எப்படி இருக்கும்? மெழுகு செதுக்கும் மெல்லிய கரண்டியை எடுத்தார். ஈரத்துணியில் மீனைப் பிடித்தார். உதட்டுக்கு நடுவே நுனியை நுழைத்து நெம்பினார்.

டிக்.

ஆயுள் முழுக்கத் தாடைகளோடு பழகியவருக்கு அந்தச் சத்தம் எதனுடையது என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை.

குஞ்சுகள் வந்தன. வயிற்றில் மஞ்சள் கரு இன்னும் கரையாமல், நீந்தத் தெரியாமல், மணலில் விழுந்து துடித்தன. தாய் மூடாத வாயோடு அவற்றின் மேலேயே சுற்றிச் சுற்றி வந்தது. பொழுது சாயும்போது மிதந்தது. அவர் அதைப் பால்கனிப் பூந்தொட்டியில், செடியின் அடியில் புதைத்தார். கடைக்குப் போய் அதே நிறத்தில், அதே அளவில் ஒன்றை வாங்கி வந்து மீன்தொட்டியில் விட்டார்.

“அவ எப்படி இருக்கா?” என்று மகள் போனில் கேட்டாள்.

“ராணி மாதிரி இருக்கா. தானா துப்பிட்டா. ஏகப்பட்ட குஞ்சு!”

மகள் சிரித்தாள். அந்தச் சிரிப்பு அவர் காதில் முள்ளாக நின்றது.

அதற்குப் பிறகுதான் குஞ்சுகள் அவர் வாயைத் தேடத் தொடங்கின. புதிய மீனை அவை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. அவர் கொட்டாவி விட்டால் கூட்டம் முழுவதும் கண்ணாடியில் முட்டியது. மழைக்கால மதியங்களில், காற்றுக்குழாய் விடும் குமிழிகளின் சத்தமும் பாசி வாடையும் பால்கனியிலிருந்து வரும் லேசான கவிச்சியும் கலந்து கண்ணைச் சொக்க வைக்க, பல்செட்டைக் கழற்றிக் கிண்ணத்தில் போட்டுவிட்டுத் தொட்டிக்கு அருகிலேயே நாற்காலியில் சாய்ந்து, வாய் பிளந்து தூங்கிப்போவார். விழிக்கும்போது முகவாய் நனைந்திருக்கும். எச்சில் என்றுதான் நினைத்தார். துடைத்து முகர்ந்து பார்த்தார். பாசி வாடை.

தொட்டியில் குஞ்சுகள் குறைந்துகொண்டே வந்தன.

வடிகட்டியைப் பிரித்தார். மணலைக் கிளறினார். புதிய மீனின் வயிற்றைப் பார்த்தார், ஒட்டிக் கிடந்தது. இன்னொரு வேடிக்கை: பல்செட் உட்காரவில்லை. தன் கையாலேயே தனக்குச் செய்துகொண்டது, இத்தனை வருஷமாக ஈறோடு ஈறாக இருந்தது, இப்போது மேலண்ணத்துக்கும் தகட்டுக்கும் நடுவில் ஏதோ மெத்தை விரித்ததுபோல் நழுவியது. அரத்தால் ராவினார். மறுபடி ராவினார். தகட்டில் மேடு எதுவும் இல்லை.

பசி நின்றுபோனது. சோற்றைப் பார்த்தாலே வாய் இறுக மூடிக்கொண்டது.

கடைசிக் குஞ்சும் காணாமல் போன அன்று சாயங்காலம் மகள் வந்தாள். கையில் குழந்தை. மழை. அறையில் தொட்டி விளக்கு மட்டும்தான். அவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு.

“பேத்தி வந்திருக்கா, ஒரு வார்த்தை பேச மாட்டேங்கிறீங்க?” என்றாள் மனைவி. “வாயத் தொறந்தா முத்தா கொட்டிடும்?”

அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

மகள் குழந்தையை அம்மாவிடம் கொடுத்துவிட்டுத் தொட்டியின் முன் குனிந்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

“இது அவ இல்லப்பா.”

குமிழிகளின் சத்தம்.

“குஞ்செல்லாம் எங்க?” அவள் குரலில் கோபமே இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை. “என்ன செஞ்சீங்கன்னு சொல்லுங்க. நான் திட்ட மாட்டேன். பொய் மட்டும் சொல்லாதீங்கப்பா.”

சொல்லிவிட வேண்டும். நான்தான். இந்தக் கைதான். அந்த இரண்டு வார்த்தை வெளியே விழுந்துவிட்டால் எல்லாம் இறங்கிவிடும் என்று அவருக்குத் தோன்றியது. வாயைத் திறக்க முயன்றார். திறக்கவில்லை. எந்த வாயையும் திறந்த கை. விரல்களை உதட்டுக்குள் நுழைத்தார். நெம்பினார்.

திறந்தது.

தொட்டி விளக்கின் வெளிச்சம் நேராக உள்ளே விழுந்தது. எதிரே தொட்டிக் கண்ணாடியில் அவர் தன் வாயைப் பார்த்தார். நாக்குக்கு அடியில். கன்னத்தின் ஓரங்களில். அண்ணத்தில் அப்பிக்கொண்டு. கடுகு கடுகாகக் கண்கள். எல்லாம் வெளிச்சத்தைப் பார்த்தபடி.

“அப்பா?” மகள் அருகே குனிந்தாள். அவள் நிழல் அவர் முகத்தில் விழுந்தது.

ஓடி ஒளிய வேண்டுமே. ஒளிந்தன. மொத்தமாகத் திரும்பின. உள்ளே. இன்னும் உள்ளே.

டிக்.

வாய் தானாக மூடிக்கொண்டது. கன்னங்கள் உப்பின. மகள் அவர் தோளைப் பிடித்து உலுக்கினாள், மனைவி கத்தினாள், குழந்தை வீறிட்டது. அவர் கண்ணிலிருந்து நீர் வழிந்துகொண்டே இருந்தது. கண்ணாடிக்குள், வாங்கிவந்த மீனின் பின்னால், அவருடைய தாடை மட்டும் மெல்ல மெல்ல அசைந்தது, உள்ளிருப்பதைப் பதமாகப் புரட்டியபடி.