சறுக்கில் இறங்கி வருகிறவள்

சறுக்கிலிருந்து இறங்கிய நந்தனா நேராக ஓடி வந்து ரதீஷின் இடுப்பைக் கட்டிக்கொண்டு "அப்பா" என்று கூப்பிட்டாள். கோளாறு அங்கேதான் ஆரம்பித்தது.

அவன் ஊருக்கு வந்து ஆறு நாள் ஆகியிருந்தது. அதுவரை அவள் ஒரு தடவைகூட அப்படிக் கூப்பிட்டதில்லை. மஸ்கட்டிலிருந்து வந்த பெட்டியைப் பிரித்ததும் பொம்மை, சாக்லேட், மினுங்குகிற ஷூ எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு அம்மாவின் நைட்டிக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்ட பிள்ளை அவள். தூக்கப் போனால் உடம்பை விறைத்துக்கொள்வாள், "அம்மாட்ட போணும்" என்பாள், வேறு பேச்சே கிடையாது. அவளை ஒன்றரை வயதில் விட்டுவிட்டு விமானம் ஏறியவன், கொரோனாவும் கம்பெனி மாற்றமும் விசாத் தகராறும் தாண்டி ஆறு வயதில் வந்து நின்றால் பிள்ளை எப்படி ஒட்டும்? போனில் பார்த்த முகம் வேறு, நேரில் நிற்கிற ஆள் வேறு. இதெல்லாம் நியாயம் என்று அவனுக்குப் புரியத்தான் செய்தது. ஆனாலும் பாத்ரூம் குழாயைத் திறந்துவிட்டு அழுதான்.

அதனால் இப்போது இடுப்பைச் சுற்றியிருந்த அந்தக் கைகளை விலக்க அவனுக்கு மனம் வரவில்லை. குனிந்து அவள் தலையை முகர்ந்தான்.

அந்த விளையாட்டுக்கூடம் வடசேரிப் பக்கம் கட்டில், மெத்தை விற்கிற ஒரு கடைக்கு மேலே இருந்தது. தரையிலிருந்து கூரைவரை மூன்று தட்டாக வலை கட்டி, தட்டுக்குத் தட்டு பிளாஸ்டிக் குழாய்ப் பாதைகள் வைத்து, எல்லாவற்றையும் கடைசியில் ஒரு சிவப்புச் சறுக்கில் கொண்டு சேர்த்து, அந்தச் சறுக்கை வண்ணப் பந்துகள் நிரம்பிய தொட்டியில் இறக்கியிருந்தார்கள். மழை வலுக்கும் வரை அங்கே காது கொடுக்க முடியாத கூச்சல். நனைந்த சாக்ஸ் நாற்றமும் பாப்கார்ன் வெண்ணெய் வாசமும் தரை துடைத்த லோஷனும் ஒன்றாகக் கலந்து தொண்டையில் படிந்தன. ஓடி ஓடி வியர்த்த பிள்ளைகள் நெற்றியில் மயிர் ஒட்டிக்கிடக்க, முகம் சிவந்து, தண்ணீருக்கு வந்து நின்றார்கள்.

நந்தனாவின் தலையில் வியர்வை இல்லை. எண்ணெய் வாசம்கூட இல்லை. புதிதாகப் பிரித்த பிளாஸ்டிக் பையின் வாசம் மட்டும் லேசாக அடித்தது.

இந்த இடத்துக்கு வர அவனுக்கு இஷ்டமே இல்லை. பிள்ளையை எங்கெல்லாம் கூட்டிப்போவது என்று மஸ்கட்டில் கட்டிலில் கிடந்தே போனில் தேடி வைத்திருந்தான். திற்பரப்பு அருவி, வட்டக்கோட்டை, மாத்தூர் தொட்டிப்பாலம், சாயங்காலம் சொத்தவிளைக் கடற்கரை. "தண்ணி கூடுதலு", "வெயிலு", "அவளுக்குத் தல சுத்தும்" என்று அஸ்வதி ஒவ்வொன்றாகத் தட்டிக்கழித்தாள். ஞாயிற்றுக்கிழமை இங்கே வருவதை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. எப்போதும் அவளே கூட்டி வருவாள். இந்த வாரம் ஆஸ்பத்திரியில் நர்ஸ் ஆள் குறைவு என்று டூட்டி போட்டுவிட்டார்கள்.

"நீங்க கொண்டு போங்க. டூட்டி முடிஞ்சி நான் நேரா அங்க வாறேன். நான் வந்து பாக்காம பிள்ளையக் கூட்டிட்டு வீட்டுக்குப் போவாண்டாம், கேட்டியளா?" என்று காலையிலேயே சொல்லியிருந்தாள்.

ஏன் என்று அவன் கேட்கவில்லை. ஊருக்கு வந்த நாளிலிருந்து அவளிடம் கேட்காமல் விட்டவை நிறைய.

மழை ஜன்னல் கண்ணாடியில் அறைந்தது. ஒவ்வொரு குடும்பமாகப் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு கீழே இறங்கியது. பாட்டை நிறுத்தினார்கள். அதன் பிறகு மின்விசிறிகள் சுற்றுகிற சத்தமும், வலைக்கம்பிகள் எங்கோ மெல்ல முனகுகிற சத்தமும்தான். நந்தனா அவன் மடியில் ஏறி, அவன் சட்டைப் பொத்தானைத் திருகியபடி இருந்தாள். அவன் எத்தனை வருஷமாக ஏங்கியது இதற்குத்தான். அப்படியிருக்க முதுகுத்தண்டு ஏன் குளிர்கிறது என்று அவனுக்கே வெட்கமாக இருந்தது.

அப்போதுதான் மேல்தட்டிலிருந்து அழுகை கேட்டது.

மெல்லிய அழுகை. வாயைப் பொத்திக்கொண்டு அழுவது மாதிரி.

கல்லாவில் இருந்த ஸ்மிதாவைப் பார்த்து, "உள்ள வேற பிள்ள உண்டா?" என்று கேட்டான்.

"இல்ல சார். ஒங்க மோள்தான் கடைசி. எல்லாரும் போயாச்சி" என்றாள் அவள். விளக்கு ஒருமுறை மங்கி எரிந்து அணைந்தது. "ஜெனரேட்டர் கீழயாக்கும். போட்டுட்டு வாறேன், இருங்க" என்று போன் வெளிச்சத்தில் படியிறங்கிப் போனாள்.

ஜன்னல் வழியே தெருவின் சாம்பல் வெளிச்சம் மட்டும் வந்தது. அழுகை இன்னும் தெளிவாகக் கேட்டது.

"அம்மாட்ட போணும்."

ஆறு நாளாகக் கேட்ட குரல். அதே இழுப்பு, அதே விக்கல்.

மடியில் இருந்தவள் அவன் தாடையைத் தொட்டாள். "அப்பா, வீட்டுக்குப் போவலாம்." இதுவும் அதே குரல்தான்.

அவளை இறக்கி உட்கார வைத்துவிட்டு ரதீஷ் குழாய்ப் பாதைக்குள் தலையை நுழைத்தான். பிள்ளைகளுக்கான அளவு, அவன் தோள் இரண்டு பக்கமும் உரசியது. முழங்காலில் ஊர்ந்தான். உள்ளே காற்று சூடாக, பலர் விட்ட மூச்சு மாதிரி இருந்தது. அழுகை முன்னால் போனது. அவன் வலது பக்கம் திரும்பினான். மறுபடி வலது பக்கம். பாதை இத்தனை நீளம் வெளியிலிருந்து தெரியவில்லை. கையை நீட்டினான். ஒரு சின்னக் கால் அகப்பட்டது. சாக்ஸ் வியர்வையில் ஊறியிருந்தது. சூடாக இருந்தது.

"மக்ளே, அப்பா வந்திருக்கேன்" என்றான்.

கால் விறைத்தது. உதறிக்கொண்டு பின்னால் போனது. "அம்மாட்ட போணும்" என்று அலறல் கேட்டது. அவன் தொட்டால் இப்படித்தானே விறைப்பாள்? இவள்தான் என் பிள்ளை என்று அவனுக்கு நிச்சயமாயிற்று. அவன் கூப்பிடக் கூப்பிட அவள் பயந்து இன்னும் உள்ளே, இன்னும் இருட்டுக்குள் நகர்ந்தாள். அவன் தோள் சிக்கிக்கொண்டது. மூச்சு முட்டியது. அதற்கு மேல் ஒரு அங்குலம்கூட நகர முடியவில்லை.

பின்னோக்கி ஊர்ந்து வெளியே விழுந்தபோது மற்றவள் காத்திருந்தாள். தன் உள்ளங்கையால் அவன் முகத்து வியர்வையைத் துடைத்துவிட்டாள். அந்தக் கை அவனுக்கு இதமாக இருந்தது. இதமாக இருந்ததே, அதுதான் கொடுமை.

படியில் காலடிச் சத்தம். அஸ்வதி வந்தாள். ரெயின்கோட்டிலிருந்து தண்ணீர் சொட்டியது. பெற்றவள் வந்துவிட்டாள், அவளுக்குத் தெரியாமலா இருக்கும் என்று ரதீஷுக்கு உயிர் திரும்பியது. அவள் அவனைப் பார்க்கவில்லை. முட்டி போட்டு, பிள்ளையின் தாடையைப் பிடித்து, போன் டார்ச்சை அடித்து வெகு நேரம் பார்த்தாள். தலையை முகர்ந்தாள்.

"இல்ல" என்றாள். ஆஸ்பத்திரியில் நோயாளிக்குச் சுரம் இல்லை என்று சொல்கிற மாதிரி சொன்னாள்.

"ஒனக்கும் தெரியுதுல்லா? நம்ம மோள் உள்ள கிடந்து அழுதா. நான் காலத் தொட்டேன் அஸ்வதி!"

"அதும் நம்ம மோள் இல்ல. போன ஞாயித்துக்கெழம இங்கேருந்து நான் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போனது அது."

அவனுக்குப் புரியவில்லை. அவள் தரையைப் பார்த்தபடி பேசினாள்.

"அஞ்சாம் பொறந்தநாளுக்கு ஆசையாட்டு இங்க கூட்டிட்டு வந்தேன். உள்ள போனா. எறங்கி வந்தவ அவ இல்ல. அருமனைக்குப் போயி அம்மைட்ட சொன்னேன். எனக்குத் தலைக்கு சுகமில்லன்னு சொல்லிட்டா. அடுத்த ஞாயிறு திரும்பக் கொண்டு வந்து உள்ள விட்டேன், மாறி வருவாளோன்னு. மாறித்தான் வந்தா. ஆனா வேற ஒருத்தி. ஒருத்தி பாலு குடிக்க மாட்டா. ஒருத்தி எடது கையால எழுதுவா. ஒருத்தி ராத்திரி கண்ணையே மூடல்ல. ஒரு வருஷமாச்சி."

"எங்கிட்ட ஏம்ட்டி சொல்லல்ல?"

"சொல்லாண்டாம்னா எல்லா வாரமும் போன்ல காட்டினேன்? ஒரு தடவையாவது கண்டுபிடிப்பியளான்னு பாத்தேன். மோள் மெலிஞ்சிட்டா, மோள் வளந்துட்டான்னு சிரிச்சிய."

வீடியோவில் பார்த்த முகங்கள் எல்லாம் ஒவ்வொன்றாக அவன் நினைவுக்கு வந்தன. ஒன்றுக்கொன்று ஒரு வித்தியாசமும் தெரியவில்லை.

பிள்ளை அவன் காலோடு ஒட்டி நின்றாள். நடுங்கினாள்.

"இவ எங்கிட்ட ஒட்டிட்டா" என்றான் ரதீஷ். சொல்லும்போதே அசிங்கமாக இருந்தது, ஆனாலும் சொன்னான். "இவ போதும் அஸ்வதி. கொண்டு போவலாம்."

அஸ்வதி கோபப்படவில்லை. "அப்ப என் பிள்ள?" என்று மட்டும் கேட்டாள்.

ரதீஷ் குனிந்தான். பிள்ளை அவன் கால்சட்டையை இறுக்கிப் பிடித்திருந்தாள். அந்த விரல்களை அவன்தான் ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டியிருந்தது. "அப்பா, நான் போவல்ல" என்றாள். குழாயின் வாயில் வைத்துத் தள்ளினான். "அப்பா" என்றாள். இன்னும் கொஞ்சம் தள்ளினான்.

போய்விட்டாள்.

மழை. இருட்டு. இருவரும் சறுக்கின் கீழே நின்றார்கள். மேலே வலை முனகியது. ஒரு பக்கமாக அல்ல. எல்லாப் பக்கமும்.

சறுக்கு அதிர்ந்தது. பந்துகள் கலகலத்தன. ஒருத்தி எழுந்து உட்கார்ந்தாள்.

அதே நேரம் கீழே ஜெனரேட்டர் உறுமியது. விளக்கு வந்தது. அஸ்வதி குனிந்து புதியவளின் முகத்தைத் தூக்கிப் பிடித்தாள்.

ரதீஷ் நிமிர்ந்து பார்த்தான்.

மேல்தட்டு வலைக்குப் பின்னால் பிள்ளைகள் நின்றார்கள். பச்சைப் பாவாடை. கோடு போட்ட கவுன். யானை படம் போட்ட பனியன். ஒவ்வொரு ஞாயிறும் கிளம்பும் முன் அஸ்வதி வீடியோவில் காட்டிய உடுப்புகள். எல்லாவற்றுக்கும் மேலே ஒரே முகம். முன்வரிசையில் இன்றைய மஞ்சள் கவுனோடு இரண்டு பேர்; ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள், மற்றவள் அவனைப் பார்த்துச் சிரித்தாள்.

கடைசி வரிசையில் ஒருத்தி. எல்லாரையும் விட குட்டை, ஒரு வயது சின்னவள் மாதிரி. ஜரிகை வைத்த பிறந்தநாள் உடுப்பு, நிறம் மங்கி, தோளில் கிழிந்து. அவள் அவனைப் பார்க்கவில்லை. அஸ்வதியைப் பார்த்து வாயைத் திறந்து திறந்து மூடினாள். சத்தம் வரவில்லை.

"அஸ்வதி" என்றான். அவள் தோளைப் பிடித்து உலுக்கினான். "மேல பாரு. ஏட்டி, மேல பாரு."

அஸ்வதி நிமிர்வதற்குள் முன்னால் நின்றவர்கள் ஒருவரோடு ஒருவர் நெருங்கி நின்றார்கள். இடைவெளி மூடியது. குட்டைப் பிள்ளை மறைந்துபோனாள்.

பிறகு எல்லாரும் ஒன்றாகக் கையைத் தூக்கி அவனுக்கு டாட்டா காட்டினார்கள்.