இணங்கு நேரம்

ஜெனிட்டாவின் மணிக்கட்டு வளையத்தில் பச்சை விளக்கு எரிந்தபோது மணி பன்னிரண்டு பத்து. பதினேழாம் ஆம்புலன்ஸில் அதை யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எட்டு மாதமாக அங்கே பச்சை வேறொரு கையில் எரிந்ததே கிடையாது.

"இந்த அழைப்புக்கு நான் தலைமை," என்றாள். சட்டப்படி ஒவ்வொரு முறையும் அதைச் சொல்லியாக வேண்டும்.

"சரிம்மா," என்றார் வண்டி ஓட்டும் இசக்கியப்பன். "சரிக்கா," என்றான் அவளோடு பின்னால் இருந்த இன்னொரு மருத்துவ உதவியாளன் சாகுல். இரண்டும் ஒரே குரலாக வந்தன.

தலைமை வளையம் வருவதற்கு முன்னால் ஆம்புலன்ஸ் என்பது ஓடுகிற பட்டிமன்றம். ஓட்டுநர் ஒரு ஆஸ்பத்திரியைச் சொல்வார், மருத்துவ உதவியாளர் இன்னொன்றைச் சொல்வார், நோயாளியின் மச்சினன் மூன்றாவதாக ஒன்றைச் சொல்வான். கடைசியில் சீனியர் சொல்வதுதான் வேதம். சீனியருக்குத் தெரியாதது நோயாளியின் தலையெழுத்து. வளையம் இதற்கெல்லாம் முடிவு கட்டியது. மூன்று பேர் மணிக்கட்டிலும் கிடந்து அது நாடித்துடிப்பையும் குரல் நடுக்கத்தையும் கவனித்துக்கொண்டே இருக்கும். முக்கியமாக, ஒருவர் உத்தரவு போட்டதற்கும் மற்றவர் கை அசைந்ததற்கும் நடுவே எவ்வளவு நேரம் ஆயிற்று என்று அளக்கும். அதற்குப் பெயர் இணங்கு நேரம். அது குறையக் குறைய வண்டிக்கு நூற்றுக்கு இத்தனை என்று புள்ளி ஏறும். யார் சொன்னால் கூட இருப்பவர்கள் தயங்காமல் செய்கிறார்களோ, அடுத்த அழைப்புக்குப் பச்சை அவருக்கு. நம்பிக்கையை அளக்க இதைவிட நல்ல அளவுகோல் இல்லையென்று வல்லுநர்கள் சொன்னார்கள். அந்த வல்லுநர்களில் ஒருவரும் ஆம்புலன்ஸில் வேலை பார்த்தவர் இல்லை.

பதினேழாம் வண்டியின் இணங்கு நேரம் அரை நொடி. மாநிலத்திலேயே அதுதான் குறைவு. அதில் ஜெனிட்டாவுக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு, வெளியே காட்டிக்கொள்ள மாட்டாள். வளையம் வருமுன் அவள் ஒரு வழக்கம் வைத்திருந்தாள். எதையாவது செய்யச் சொல்லிவிட்டு, ஒரு மூச்சு இழுத்து விடுகிற நேரம் பேசாமல் நிற்பாள். தப்பென்று யாருக்காவது பட்டால் அந்த ஒரு மூச்சுக்குள் சொல்லிவிட வேண்டும். வளையம் வந்த பிறகு அந்த மூச்சு புள்ளியைத் தின்றது. போகப்போக யாரும் மறுத்தும் பேசவில்லை. ஆள் வராத கடையை எதற்குத் திறந்து வைப்பது என்று அவளும் அதை விட்டுவிட்டாள். நம்ம ஆட்களுக்கு நம்ம மேல் அவ்வளவு நம்பிக்கை என்று நினைத்துக்கொண்டாள்.

தூத்துக்குடி உப்பளத்தில் சித்திரை வெயில் மேலிருந்தும் அடிக்கும், கீழிருந்தும் அடிக்கும். உப்பு வாரிக்கொண்டிருந்த முத்துக்கனி என்ற ஐம்பது வயதுப் பெண் பாத்தி வரப்பில் சரிந்து கிடந்தாள். உடம்பு கொதித்தது. பேரைக் கேட்டால் வாய்க்குள்ளேயே எதையோ மென்றாள்.

"வெயில் அடிச்சிருக்கு," என்றாள் ஜெனிட்டா. "சாகுல், ஈரத்துணி போட்டு சலைன் ஏத்து. அண்ணாச்சி, பக்கத்து ஹெல்த் சென்டருக்கு விடுங்க."

துணி விழுந்தது, ஊசி இறங்கியது, வண்டி கிளம்பியது. பதினோரு நிமிடத்தில் முத்துக்கனியை ஒப்படைத்துவிட்டார்கள். அன்றைக்குப் புள்ளி தொண்ணூற்றேழு. சாயங்காலம் மாவட்ட அலுவலகத்திலிருந்து போன் வந்தது. பதினேழாம் வண்டியின் பதிவுகளை மாநிலம் முழுக்க எல்லா வண்டிக்காரர்களுக்கும் பாடமாக வைக்கப் போகிறார்களாம். முன்மாதிரித் தலைவி ஜெனிட்டா. இசக்கியப்பன் ஓடிப்போய் மக்ரூன் வாங்கி வந்தார்.

மறுநாள் காலை ஹெல்த் சென்டர் நர்ஸ் கூப்பிட்டுச் சொன்னாள். முத்துக்கனிக்கு வந்தது பக்கவாதம். உடம்புச் சூடு தணிந்தும் பேச்சு வராததைப் பார்த்துச் சாயங்காலம் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருக்கிறார்கள். மூளையில் அடைத்த ரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசிக்குக் கெடு நாலரை மணி நேரம். அது எப்போதோ தாண்டியிருந்தது. வலது கை இனி எழும்பாது. பேச்சும் போய்விட்டது.

தான் எதைப் பார்க்கத் தவறினோம் என்று தெரிந்துகொள்ள ஜெனிட்டா வண்டிப் பதிவைத் திறந்தாள். எட்டு மாதமாகப் புள்ளிப் பக்கத்தை மட்டுமே பார்த்தவள், அன்றுதான் முதல்முறையாக நாடிப் பக்கத்துக்குப் போனாள். 'வெயில் அடிச்சிருக்கு' என்று அவள் சொன்ன இடத்தில் மற்ற இருவரின் நாடிக்கோடும் குபீரென்று மேலே ஏறியிருந்தது. பிறகு ஸ்ட்ரெச்சர் கம்பியில் யாரோ விரலால் இரண்டு தட்டு தட்டுகிற சத்தம். சாகுலின் தொண்டைச் செருமல். இரண்டு கோடும் கீழே இறங்கிவிட்டன. அவளுக்கு ஏதோ உறைத்தது. அந்த இரண்டு தட்டைப் பழைய பதிவுகளிலும் கணினியைத் தேடவிட்டாள். எட்டு மாதத்தில் இருபத்து மூன்று இடத்தில் இருந்தது.

சாகுலும் இசக்கியப்பனும் வண்டி நிறுத்தத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். ஜெனிட்டா உட்காரவில்லை.

"நேத்து அந்தப் பொம்பளையோட கையைக் கவனிச்சியா, சாகுல்?"

சாகுல் இசக்கியப்பனைப் பார்த்தான். அந்தப் பார்வையிலேயே அவளுக்குப் பாதி புரிந்துவிட்டது.

"கவனிச்சேங்க்கா. பிரஷர் பட்டை சுத்தும்போது தொப்புன்னு விழுந்துச்சு."

"அண்ணாச்சி?"

"வாய் ஒரு பக்கமா கோணியிருந்துச்சும்மா. தூக்கும்போதே பாத்துட்டேன்."

"பின்ன ஏன் வாயைத் தொறக்கல?"

இசக்கியப்பன் டீ கிளாஸைக் கீழே வைத்தார். நாற்பத்தெட்டு வயது ஆள். இந்த வண்டிக்கு வருமுன் நான்கு வண்டியில் சண்டை போட்டு வெளியே வந்தவர்.

"புள்ளி எண்பத்தஞ்சுக்குக் கீழ போனா நம்ம மூணு பேரையும் பிரிச்சிருவாவ. எனக்கு இதைவிட்டா வேற வண்டி சரிப்படாது. அதான் நானும் சாகுலும் பேசி வச்சோம். ஒனக்குத் தப்புன்னு பட்டாலும் பேசாத, நான் ரெண்டு தட்டு தட்டுனா விட்டுருன்னு இவன்ட்ட சொன்னேன். ஆஸ்பத்திரியில டாக்டர்மாரு இருக்காவள்லா, அவுக பாத்துக்கிடுவாவன்னு நெனச்சோம்."

"உங்களுக்காகத்தாங்க்கா," என்றான் சாகுல். "பச்சை உங்க கையிலயே இருக்கட்டும்னு."

கூட இருந்தே குழி பறிப்பது என்பார்களே, இவர்கள் பறித்த குழிக்குப் பாசமென்று பெயர் வைத்திருந்தார்கள். விழுந்ததோ முத்துக்கனி.

"எட்டு மாசமா என்னைய பொம்மையாட்டம் ஆட்டி வச்சிருக்கிய. நான் என்னமோ பெரிய தலைவின்னு சுத்திக்கிட்டு இருந்திருக்கேன்."

சாகுல் தலையைக் குனிந்துகொண்டேதான் பேசினான். "தை மாசம் ஒரு தடவை, 'அக்கா, இது மாரடைப்பு இல்ல'ன்னு சொன்னேன். நான் சொன்னதுதான் சரியா இருந்துச்சு. அன்னைக்குப் புள்ளி ஏழு கொறைஞ்சுது. மூணு நாள் எங்கூட நீங்க மூஞ்சி கொடுத்துப் பேசல."

அவளுக்கு அது மறந்தே போயிருந்தது. இப்போது ஞாபகம் வந்ததும் கோபம் குறையவில்லை. கோபப்பட வேண்டிய ஆட்களில் இப்போது அவளும் சேர்ந்துகொண்டாள்.

நேரே மாவட்ட அலுவலர் தமயந்தியிடம் போனாள். நாடிப் பதிவைக் காட்டினாள். தன்னைப் பாடமாக வைக்க வேண்டாம், தப்பு நடந்திருக்கிறது, எழுதிக்கொள்ளுங்கள் என்றாள்.

"எதை எழுதச் சொல்றீங்க?" என்றார் தமயந்தி. "மூணு பேரும் மறுப்பில்லாம எடுத்த முடிவு. வளையத்துல தப்புங்கிறதுக்குக் கட்டமே கிடையாது."

"மேடம், அந்தத் தட்டு?"

தமயந்தி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சில வண்டியில இருமுவாங்க. ஒரு வண்டியில ஹாரன் அடிப்பாங்க. அது இல்லாத வண்டியை நான் இன்னும் பாக்கல. உங்க ஆளுங்க ரொம்ப நேர்த்தியாப் பண்றாங்க. அதனாலதான் உங்களைத் தேர்ந்தெடுத்தோம்."

"அப்ப முத்துக்கனி?"

"அவங்க மக நன்றி சொல்லி எழுதியிருக்கா. வண்டி சீக்கிரமா வந்துச்சாம்."

ஜெனிட்டா படியிறங்கினாள். தன்னைச் சுற்றி எல்லோருக்கும் தெரிந்த ஒரு விஷயம் தனக்கு மட்டும் தெரியாமல் இருந்ததை அவளால் தாங்க முடியவில்லை. வீட்டுக்காரிக்கு மட்டும் தெரியாத ரகசியம் மாதிரி ஊரே அதைப் பொத்தி வைத்திருந்திருக்கிறது.

அடுத்த நாள் வண்டியில் ஏறியதும் சொன்னாள்: "இனிமே நான் எது சொன்னாலும் ஒரு மூச்சு விடுவேன். அதுக்குள்ள எதிர்த்துப் பேசணும். புள்ளி போனாப் போகட்டும், பிரிச்சாப் பிரிக்கட்டும். இது உத்தரவு."

"சரிம்மா," என்றார் இசக்கியப்பன்.

"சரிக்கா," என்றான் சாகுல்.

பழையபடி இரண்டும் ஒரே குரலாகத்தான் வந்தன. அதை அவள் அப்போது கவனித்திருக்க வேண்டும்.

நான்கு நாள் கழித்துக் காலை பத்து மணிக்குப் புறவழிச் சாலையில் விபத்து. ஸ்கூட்டரில் போன ஒருவரின் தொடையைத் தகரம் கிழித்திருந்தது. நடுத்தர வயது மனிதர், நினைவு இருந்தது, ரத்தம் துடித்துத் துடித்து வந்துகொண்டிருந்தது. ஜெனிட்டா துணியை வைத்து இரண்டு கையாலும் அழுத்தினாள். தாலுகா ஆஸ்பத்திரி நான்கு நிமிடம். அங்கே ரத்தமும் இருந்தது, அறுவை மருத்துவரும் இருந்தார். பெரிய ஆஸ்பத்திரி இருபத்தைந்து நிமிடம். இதில் யோசிக்க ஒன்றுமே இல்லை.

"தாலுகாவுக்கு விடுங்க," என்றாள். சொன்னபடி ஒரு மூச்சு விட்டாள்.

"வேண்டாங்க்கா," என்றான் சாகுல். "பெரிய ஆஸ்பத்திரிக்கே போயிருவோம்."

"ஆமாம்மா," என்றார் முன்னாலிருந்து இசக்கியப்பன். "பெருசுதான் சரி."

மறுபடியும் எதையோ பார்க்காமல் விட்டுவிட்டோமா? அந்த மனிதரின் கண்ணைப் பார்த்தாள், நெஞ்சைப் பார்த்தாள், கையைக் காலை அசைக்கச் சொன்னாள். ஒன்றும் புதிதாகத் தெரியவில்லை. துணி சிவந்துகொண்டே வந்தது. வண்டி நின்ற இடத்திலேயே நின்றது.

"ஏன்? என்ன பாத்த நீ? சொல்லு."

சாகுல் விழித்தான். "ஒண்ணும் பாக்கலக்கா."

"பின்ன எதுக்கு வேண்டாங்குற?"

"நீங்கதான எதிர்த்துப் பேசச் சொன்னிய."

அவனிடம் கள்ளம் எதுவும் இல்லை. சொன்னதைச் செய்த திருப்திதான் முகத்தில் இருந்தது. போன வாரம் அவளுக்காகத் தெரிந்ததை மறைத்தவன், இந்த வாரம் அவளுக்காகத் தெரியாததைச் சொல்கிறான். இனி இவன் ஆமென்றாலும் இல்லையென்றாலும் அதற்குள் இருப்பது நோயாளியா, தானா என்று அவளுக்குத் தெரியப்போவதில்லை.

"தாலுகா," என்றாள். சொல்லி முடிக்குமுன் வண்டி பாய்ந்தது.

"நாடி எவ்வளவு இருக்கு, சாகுல்?"

"தொண்ணூறுக்கா. நல்லா இருக்கு."

ஜெனிட்டா அவனை ஒரு கணம் பார்த்தாள். பிறகு காயத்தை அழுத்திக்கொண்டிருந்த இரண்டு கையில் ஒன்றை எடுத்து, அந்த மனிதரின் மணிக்கட்டை சாகுலின் பிடியிலிருந்து வாங்கி, தானே முதலிலிருந்து எண்ணத் தொடங்கினாள்.