ஏழு டாஃபித் தாள்கள்

மூன்றாவது மாடிக்கும் நான்காவது மாடிக்கும் நடுவில் லிஃப்ட் ஒரு குலுங்கு குலுங்கி நின்றது. அந்த நேரம் பார்த்துச் சின்ன டாக்டரின் வாயில் இரண்டு டாஃபிகள் இருந்தன… இடது கன்னத்தில் ஒன்று, வலது கன்னத்தில் ஒன்று.

அவள் பல் டாக்டர். இதைச் சொன்னால்தான் அவள் பட்ட அவமானம் புரியும்.

ஐந்தாவது மாடியில் அவளும் அப்பாவும் சேர்ந்து பல் ஆஸ்பத்திரி நடத்தினார்கள். அப்பா பெரிய டாக்டர், அவள் சின்ன டாக்டர். பெரிய டாக்டருக்கு இனிப்பு என்றாலே ஆகாது. வீட்டில் சர்க்கரை டப்பா எந்த அலமாரியில் இருக்கிறது என்றுகூட அவளுக்குச் சிறு வயதில் தெரியாது. இப்போது மாதம் ஒருமுறை ஏதாவது ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போய், பெரிய பிளாஸ்டிக் பல் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, டாஃபி எப்படிப் பல்லை அரிக்கும் என்று பிள்ளைகளுக்குப் பாடம் எடுப்பவள் அவள்தான்.

அந்தப் பாடத்தை முடித்துவிட்டு நேரே எதிர்க் கடைக்குப் போவாள். ஆஸ்பத்திரிக்கு வரும் பிள்ளைகளுக்குக் கொடுக்க என்று கடைக்காரம்மாவிடம் ஒரு பொய். அந்த அம்மா நம்பி, எவ்வளவு தங்கமான மனசு என்று சொல்லி ஒன்று கூடுதலாகப் போடுவாள். அந்த ஒன்று மட்டும் சின்ன டாக்டருக்குத் தொண்டையில் இறங்காது… ஆனாலும் இறங்கிவிடும்.

தின்பதற்கு இடம் லிஃப்ட்தான். தாளின் இரண்டு முனைகளையும் பிடித்து இழுத்தால் டாஃபி ஒரு சுற்று சுற்றிக்கொண்டு வெளியே வரும். முதலில் கல் மாதிரி இருக்கும். நாக்கின் சூட்டில் ஓரங்கள் மெல்ல வழுக்கத் தொடங்கும்… வெண்ணெய் வாசனை மூக்குவரை ஏறும்… பிறகு கருகிய சர்க்கரையின் இனிப்பு, அதன் அடியில் துளியூண்டு உப்பு. பொறுமைசாலிகள் உறிஞ்சுவார்கள். அவளுக்கு அவ்வளவு பொறுமை கிடையாது, கடித்துவிடுவாள். மேல்பல்லும் கீழ்ப்பல்லும் ஒட்டிக்கொள்ளும். அதைப் பிரிக்கிற சுகத்துக்காகவே மறுபடியும் கடிப்பாள். ஐந்தாவது மாடி வருவதற்குள் வாயைத் துடைத்து மாஸ்க்கை மாட்டிவிடுவாள். ஆஸ்பத்திரிக் குப்பைக்கூடையில் போட்டால் நர்ஸ் அக்கா கண்டுபிடித்துவிடுவாள் என்று தாள்களையெல்லாம் கோட்டுப் பையிலேயே சேர்த்து வைப்பாள்.

இன்று மாடி வரவில்லை. விளக்கு அணைந்தது. மேலிருந்து ஒரு குரல் மட்டும் வந்தது.

"உள்ள யாராவது இருக்கீங்களா?"

அவள் வாயைத் திறக்கப் பார்த்தாள். திறக்கவில்லை.

"ம்ம்" என்றாள்.

குரலில் பதற்றம் கூடியது. மூச்சு விட முடிகிறதா என்று கேட்டது. "ம்ம்" என்றாள். நினைவு இருக்கிறதா என்றது. அதற்கும் "ம்ம்" தான். பயப்பட வேண்டாம், ஆமாம் என்றால் ஒரு தட்டு, இல்லை என்றால் இரண்டு தட்டு தட்டுங்கள் என்று அந்தக் குரல் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தது. அவள் தட்டினாள். தலை சுற்றுகிறதா? இரண்டு தட்டு. பிறவியிலேயே பேச வராதா? அவள் கொஞ்சம் யோசித்து… இரண்டு தட்டு. பிறகு ஏன் பேசவில்லை என்ற கேள்விக்குத் தட்டிப் பதில் சொல்ல வழியில்லை.

கதவு கையகலம் பிரிந்து, பிறகு முழுவதுமாகத் திறந்தது. நான்காவது மாடியின் தரை அவள் நெஞ்சுயரத்தில் இருந்தது. அந்தத் தரையில் குப்புறப் படுத்து, நெற்றியில் மாட்டிய விளக்கோடு லிஃப்ட் மெக்கானிக் கையை நீட்டிக்கொண்டிருந்தான். மழையில் நனைந்து வந்தவன் போல… புருவத்திலிருந்து ஒரு சொட்டு அவள் கைமேல் விழுந்தது. கண்கள் மட்டும் அந்த அவசரத்திலும் நிதானமாக இருந்தன. அவை அவள் உப்பிய கன்னத்தைப் பார்த்தன, கையிலிருந்த தாளைப் பார்த்தன, பிறகு சிரித்தன. உதடு சிரிக்கவில்லை, கண் மட்டும்தான்.

அவன் கையைப் பிடித்து அவள் மேலே ஏறியபோது கோட்டுப் பை கவிழ்ந்தது. ஏழு டாஃபித் தாள்கள் தரையெல்லாம் பரவின.

அதே நிமிடம் பெரிய டாக்டர் மாடிப்படி இறங்கி வந்து சேர்ந்தார். மகள் நல்லபடியாக இருப்பதைப் பார்த்து மூச்சு விட்டார். பிறகு தரையைப் பார்த்தார்.

"இதெல்லாம் யாரு தின்னது?"

அவள் அப்பாவைப் பார்த்தாள். உடம்பிலிருந்த ரத்தம் முழுக்க முகத்துக்கு ஏறியது. சொல்லிவிடு, சொல்லிவிடு என்று மனசு அடித்துக்கொண்டது…

"என்னுதுதான் சார்" என்றான் மெக்கானிக்.

பெரிய டாக்டர் பிடித்துக்கொண்டார். வேலை செய்கிற இடத்தில் மிட்டாய் தின்று தாளைக் கதவுத் தடத்தில் போட்டால் லிஃப்ட் நிற்காமல் என்ன செய்யும், உள்ளே இருந்தவளுக்கு ஏதாவது ஆகியிருந்தால் யார் பதில் சொல்வது, இந்த வயதிலும் நாக்கை அடக்கத் தெரியாதா என்று பத்து நிமிடம் பேசினார். அவன் தலை குனிந்து கேட்டுக்கொண்டான். நடுவில் குனிந்து ஏழு தாள்களையும் ஒவ்வொன்றாகப் பொறுக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். அவள் பக்கத்திலேயே நின்றாள். டாஃபி எப்போதோ கரைந்து போயிருந்தது. வாய் திறந்துதான் இருந்தது. ஆனாலும் அவள் பேசவில்லை.

இரண்டு நாள் கழித்துக் கதவைச் சரிபார்க்க அவன் மறுபடி வந்தான். நன்றி சொல்ல வேண்டும், அப்பாவிடம் உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்று சொல்ல வேண்டும்… எத்தனையோ ஒத்திகை பார்த்துக்கொண்டு படியிறங்கி வந்தாள்.

"இப்ப பேச வருதா டாக்டர்?" என்று கேட்டான் அவன்.

"அப்பாகிட்ட சொல்லிடாதீங்க."

அதுதான் வாயில் வந்தது. சொன்ன பிறகு காதெல்லாம் எரிந்தது. அவன் ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே, சொல்கிறவனாக இருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பேனே என்றான்.

அந்த வாரத்தில் அவன் இன்னும் மூன்று முறை வந்தான். மாடிப்படித் திருப்பத்தில், ஜன்னலில் மழை வழிந்துகொண்டிருக்க, ஐந்து நிமிடம் பத்து நிமிடம் என்று பேச்சு வளர்ந்தது. ஒருநாள் அவள் ஒரு டாஃபியை நீட்டினாள். அவன் வாயில் போட்டு முகத்தைச் சுளித்தான். சின்ன வயதிலிருந்தே தனக்கு இனிப்பு ஒத்துக்கொள்ளாது என்றான்.

"அப்புறம் எதுக்கு வாங்குனீங்க?"

"நீங்க குடுத்தா வேண்டாம்னு எப்படிச் சொல்றது…"

அவள் சிரித்தாள். பிறகுதான் உறைத்தது. இனிப்பே தின்னாதவன், அப்பா முன்னால் தீனிப்பண்டாரம் என்று பேர் வாங்கியிருக்கிறான்.

அடுத்த வாரம் வேறொரு மெக்கானிக் வந்தார், தலை நரைத்தவர். முன்பு வந்தவரைக் காணோமே என்று ஏதோ போகிற போக்கில் கேட்பது போலக் கேட்டாள். அவர் பெருமூச்சு விட்டார். இந்த ஆஸ்பத்திரியிலிருந்து புகார்க் கடிதம் போயிருக்கிறதாம். தாள்கள் தன்னுடையவைதான் என்று பையனும் கைப்பட எழுதிக் கொடுத்துவிட்டானாம். சூப்பர்வைசர் பரீட்சைக்கு இரண்டு வருடமாக உருப்போட்டவனை, இந்த வருடம் எழுதக் கூடாது என்று சொல்லி, கிடங்கில் சாமான் அடுக்கப் போட்டிருக்கிறார்களாம்.

"ஒரு மிட்டாய்த் தாளுக்குப் போய் ஒருத்தன் பொழப்பைக் கெடுப்பாங்களா டாக்டர்?" என்று கேட்டார் அவர்.

அவள் படியேறி மேலே போனாள். நான்காவது மாடியைத் தாண்டும்போது கால் கூசியது.

பெரிய டாக்டர் கை கழுவிக்கொண்டிருந்தார். அடுத்த நோயாளி வெளியே காத்திருந்தார், நர்ஸ் அக்கா பஞ்சு அடுக்கிக்கொண்டிருந்தாள். இன்னும் நல்ல நேரம் பார்த்தால் நேரமே வராது என்று அவளுக்குத் தெரிந்தது.

"அப்பா… அந்தத் தாளெல்லாம் என்னுது."

அவர் குழாயை மூடினார். எத்தனை வருடமாக என்று கேட்டார். கல்லூரியிலிருந்து, ஒன்பது வருடம் என்றாள். நர்ஸ் அக்காவின் கையிலிருந்த பஞ்சு அப்படியே நின்றது.

"தின்னதை விடு" என்றார் அப்பா. "நான் ஒருத்தனை அந்தப் பேச்சு பேசினேன். நீ பக்கத்துலயே நின்ன."

அவர் குரல் உயரவேயில்லை. உயர்ந்திருந்தால் தேவலை என்று அவளுக்குப் பட்டது. அவர் அங்கேயே உட்கார்ந்து, புகாரைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாக ஒரு கடிதம் எழுதினார். அதைத் தபாலில் போடக் கூடாது, நீயே போய்க் கொடுக்க வேண்டும் என்றார். கொடுப்பதற்கு முன், நாற்காலியைக் காட்டி, "உக்காரு. வாயைத் திற" என்றார். வெளியே காத்திருந்த நோயாளி எட்டிப் பார்க்க, பல் டாக்டரின் வாயில் இரண்டு சொத்தைப்பல் என்று பல் டாக்டரே கண்டுபிடித்து, நர்ஸ் அக்காவிடம் அட்டையில் எழுதச் சொன்னார்.

லிஃப்ட் கம்பெனியின் கிடங்கு ஊருக்கு வெளியே இருந்தது. தகரக் கூரை. மழை அதன்மேல் கொட்டிக்கொண்டிருந்தது. மேலாளர் அறையில் நாலைந்து பேர் இருந்தார்கள். தனியாகப் பேசலாமா என்று கேட்க நினைத்து… கேட்காமல், எல்லாரும் இருக்கும்போதே சொன்னாள். நான் பல் டாக்டர், டாஃபி தின்றது நான், பேசாமல் நின்றதும் நான். யாரோ இருமுவது போலச் சிரித்தார்கள்.

மேலாளர் கடிதத்தைப் படித்துவிட்டுக் கிடங்கிலிருந்து அவனைக் கூப்பிட்டனுப்பினார். வந்தவனுக்குப் பாராட்டுக் கிடைக்கவில்லை. பொய்யாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவனை எப்படி நம்புவது என்று அவளுக்கு முன்னாலேயே அவர் கேட்டார். பரீட்சை எழுதலாம், ஆனால் இன்னொரு தடவை இப்படிச் செய்தால் வேலையே இருக்காது என்றார்.

வெளியே வந்ததும் அவன் அவள் முகத்தைப் பார்க்காமல் பேசினான்.

"யாரு உங்களை வரச் சொன்னது? என் மேல பரிதாபப்பட்டு யாரும் வர வேண்டாம் டாக்டர். பஸ் அந்தப் பக்கம் வரும்."

அவன் உள்ளே போய்விட்டான். அவள் பஸ் நிறுத்தத்தில் நின்றாள். ஒரு பஸ் வந்தது, போனது. அடுத்ததும் போனது. ஏறி உட்கார்ந்துவிட்டால் இதுவும் நான்காவது மாடி மாதிரியே ஆகிவிடும் என்று தோன்றியது… தோளெல்லாம் சாரல் நனைக்க, ஐந்து மணிக்கு அவன் வெளியே வரும்வரை அங்கேயே நின்றாள்.

அவளைப் பார்த்ததும் அவன் நடை தயங்கியது.

"பரிதாபம் இல்ல" என்றாள் அவள். "வெட்கம். உங்களை நினைச்சாலே எனக்கு வெட்கமா இருக்கு. அன்னைக்குப் பேசாம நின்னதுக்கு ஒரு வெட்கம்… அதுக்கப்புறமும் தினம் படிக்கட்டுல உங்களுக்காகக் காத்திருந்தேனே, அதுக்கு வேற மாதிரி வெட்கம். ரெண்டாவதைச் சொல்லத்தான் நின்னுட்டு இருக்கேன். எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு."

கதவு இரண்டாம் தடவை வந்தபோதே சரியாகிவிட்டது, மற்ற மூன்று தடவையும் சும்மாதான் வந்தேன் என்று அவன் தரையைப் பார்த்துச் சொன்னான். பிறகு நிமிர்ந்து, "இது அப்பாவுக்குத் தெரியுமா?" என்று கேட்டான்.

அவள் அங்கேயே போனை எடுத்தாள். அப்பா, கடிதத்தைக் கொடுத்துவிட்டேன், இன்னொன்று சொல்ல வேண்டும், அந்த மெக்கானிக்கை எனக்குப் பிடித்திருக்கிறது என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள். பக்கத்தில் இருந்தால் அவரிடம் போனைக் கொடு என்று அப்பா சொன்னார்.

அவன் வாங்கிக்கொண்டான். அவளால் அங்கே நிற்க முடியவில்லை. பஸ் நிறுத்தக் கூரையின் கடைசி ஓரத்துக்குப் போய், முகத்தை மழைப் பக்கம் திருப்பிக்கொண்டாள். பின்னால் அவன் குரல் விட்டுவிட்டுக் கேட்டது… பரவாயில்லைங்க சார்… ஐயோ, அதெல்லாம் வேண்டாம் சார்… அப்புறம் ஏதோ மெதுவாக.

அவன் வந்து போனை நீட்டினான். காது மடல் சிவந்திருந்தது, அவளுடையதைப் போலவே.

"என்ன சொன்னார்?"

"மன்னிப்புக் கேட்டார்."

"அவ்வளவுதானா?"

"அப்புறம், எனக்குப் பல்லு ஏதாவது வலிக்குதான்னு கேட்டார்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"உங்க பொண்ணை எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்குன்னு சொன்னேன்" என்றான். "கேட்டதுக்குப் பதில் அது இல்லைதான்… ஆனா வாயில அதுதான் வந்துச்சு."