கடைசி ஸ்டாப்பில் இரண்டு தொட்டிகள்

வீட்டில் எல்லாரும் அவளைக் குருவி என்றுதான் கூப்பிடுவார்கள். உருவத்துக்காக அல்ல, ஓயாத வாய்க்காக. அப்பேர்ப்பட்ட குருவி அன்று சாயங்காலம் அரைமணி நேரமாகப் பேசவே இல்லை. அம்மாவின் முகம் வாடிக் கிடந்ததுதான் காரணம்.

அம்மா பஸ் ஓட்டுநர். திங்கட்கிழமைகளில் கல்குவாரி ரூட்டில் போவார். அந்தப் பக்கத்துக்கு வாரத்துக்கு ஒரே பஸ்தான். கடைசி ஸ்டாப்பில் ஒரு தகரக் கூரை, ஒரு பெஞ்சு, மற்றபடி கண்ணுக்கு எட்டிய வரை கல். வண்டி திரும்பும் நேரம் வரும்வரை அம்மா அந்தக் கல்லையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். பச்சையாக ஏதாவது கண்ணில் படட்டுமே என்று இரண்டு தொட்டிகளில் செடி வைத்தார். இதுவரை இரண்டு முறை கருகிவிட்டது.

"காஞ்ச செடியை வச்சிருந்தா பார்க்க நல்லாவா இருக்குன்னு மேனேஜர் கேக்குறார். இன்னும் ஒரே ஒரு தடவைதான். அதுவும் காஞ்சா தொட்டியவே எடுத்துடணுமாம்," என்றார் அம்மா.

"நீ தண்ணி ஊத்துறியாம்மா?"

"தொட்டிக்கு ஏழு பாட்டில். ஒரு வாரத்துக்கும் சேர்த்து."

"ஒரே நேரத்துலயா?"

"டேங்க் ஃபுல் பண்ணினா வண்டி வாரம் முழுக்க ஓடுதுல்ல?"

"அம்மா, தொட்டிக்கு அடியில ஓட்டை இருக்கு. உன் டேங்க்ல அப்படி ஓட்டை இருந்தா பஸ் எங்க போய் நிக்கும்?"

அம்மா யோசித்தார். "டெப்போ வாசல்ல," என்று ஒப்புக்கொண்டார். "அப்ப ஓட்டையை அடைச்சிடவா?"

"வேர் அழுகிடும்மா."

தண்ணீரை அதிகமாக ஊற்றிப் பயனில்லை. ஊற்றியதைப் பிடித்து வைத்துக்கொள்ளத்தான் ஏதாவது வேண்டும். குருவி தெருக்கோடி நர்சரிக்கு ஓடினாள். நர்சரி அக்கா செங்கல் போல ஒரு கட்டியைக் கொடுத்தார்.

"தேங்காய் நார்த்தூள். நல்லா தண்ணி குடிக்கும், மெதுவாத்தான் விடும். ஊற வச்சு உதிர்த்துக்கோ."

குருவி முழுக் கட்டியையும் குளியலறை பக்கெட்டில் போட்டுத் தண்ணீரைத் திறந்துவிட்டாள். கொஞ்ச நேரத்தில் அது பொங்கிப் பக்கெட்டுக்கு வெளியே எட்டிப் பார்த்தது.

துண்டும் கையுமாக வந்த அம்மா கேட்டார்: "நான் இதுல குளிக்கணுமா, இல்ல முளைக்கணுமா?"

மறுநாள் மூன்று ஐஸ்கிரீம் டப்பாக்களின் அடியில் ஓட்டை போட்டாள். ஒன்றில் வீட்டுப் பின்பக்கத்து மண், ஒன்றில் மணல், ஒன்றில் நார்த்தூள். ஆளுக்கு ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றி, வெயில் படும் ஜன்னலில் வைத்தாள்.

மணல் குடித்த வேகத்திலேயே தண்ணீரைக் கீழே விட்டுவிட்டது. மண் மூன்றாம் நாள் பாளம் பாளமாக வெடித்தது. நார்த்தூளில் ஏழாம் நாளும் விரலை விட்டால் ஈரம்.

குருவிக்குத் தலைகால் புரியவில்லை. டப்பாவை எடுத்துக்கொண்டு டெப்போவுக்குப் பறந்தாள். அம்மாவிடம் நீட்டிய அதே நேரம், ஒரு பஸ் பக்கத்தில் விர்ரென்று போனது. மேலே காய்ந்திருந்த நார்த்தூள் எல்லாம் பறந்து கண்டக்டர் மாமாவின் தலையில் இறங்கியது.

"எனக்கு முடி இல்லாத இடமாப் பார்த்துப் போட்டிருக்கே, நல்லா இருப்பே," என்று தலையைத் தட்டினார் மாமா. "ஆனா குவாரிக் காத்து இதுக்கு அண்ணன், பாப்பா. தொட்டியில ஒரு துளி மிஞ்சாது."

குருவியின் முகம் விழுந்துவிட்டது. அம்மா மேசையில் கணக்குத் தாளை வைத்து, அது பறக்காமல் இருக்க மேலே ஒரு கல்லை வைத்தார்.

குருவி கல்லைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"மாமா, குவாரியில சின்னச் சின்னக் கல்லு கிடைக்குமா?"

"கல்லா? அங்க வேற என்ன கிடைக்கும்?"

பள்ளி விடுமுறை என்பதால் அந்தத் திங்கட்கிழமை குருவியும் பஸ்ஸில் போனாள். கனத்துக்குப் பாதி மண், ஈரத்துக்குப் பாதி நார்த்தூள், இரண்டு கை மட்கிய உரம். எல்லாவற்றையும் பிசைந்து, வெயில் தாங்கும் செடிகளை நட்டு, மேலே பொடிக்கற்களைப் பரப்பினாள். அம்மா வழக்கம்போல தொட்டிக்கு ஏழு பாட்டில் தூக்கி வந்தார்.

"மெதுவாம்மா. ஊறட்டும். அடியில சொட்ட ஆரம்பிச்சா நிறுத்திடு."

முதல் தொட்டியில் மூன்றாவது பாட்டிலிலேயே சொட்டியது. அதற்கென்று கொண்டுவந்த மீதி நாலு பாட்டிலையும் பார்த்து அம்மா பெருமூச்சு விட்டார்.

அடுத்த திங்கட்கிழமை மேனேஜரும் பஸ்ஸில் ஏறினார். கடைசி வளைவு வந்ததும் குருவி கண்களை இறுக்கி மூடிக்கொண்டாள்.

"கண்ணைத் திற பாப்பா," என்றார் கண்டக்டர் மாமா. "மூடிட்டா பச்சை தெரியாது."

இரண்டு தொட்டிகளிலும் செடிகள் நிமிர்ந்து நின்றன. ஒன்றில் புதுத் துளிர்கூட வந்திருந்தது.

மேனேஜர் குனிந்து, கற்களை ஒதுக்கி, கலவைக்குள் விரலை விட்டார். ஈர விரலை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். பிறகு கற்களைப் பழையபடி பதமாகப் பரப்பினார்.

"இருக்கட்டும்," என்றார் அம்மாவிடம். குருவியின் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்திக்கொண்டார். "எங்க வீட்டு மொட்டை மாடியிலயும் எதுவும் பிழைக்க மாட்டேங்குது, பாப்பா."

திரும்பும் வழி முழுக்க அவர் குருவியின் பக்கத்து சீட்டில்தான் உட்கார்ந்து வந்தார். அவள் சொன்னதைச் சட்டைப்பை நோட்டில் எழுதிக்கொண்டே, மூன்றாவது தடவையாகக் கேட்டார்:

"கல்லு கடைசியிலதானே?"