அடக்கிப் பிடித்த மூச்சு

திருவாரூருக்கு வெளியே, ஓடாமல் போன ஓர் அரிசி மில்லை அறை அறையாகத் தடுத்து மறுவாழ்வு மையமாக்கியிருந்தார்கள். ஒரு காலையில் என் மனைவி ஈஸ்வரி என்னை அங்கே கொண்டுபோய் விட்டாள். நான் அறுவடை மெஷின் ஓட்டுகிறவன். முதுகு வலிக்கென்று ஆரம்பித்த மாத்திரை கடைசியில் என்னையே விழுங்கிவிட்டது. ஏற்கெனவே இரண்டு மையங்களில் சுவரேறிக் குதித்து ஓடிய பெருமையும் எனக்கு உண்டு.

"இந்தத் தடவையும் ஓடி வந்தீங்கன்னா, வீட்ல நானும் இருக்கமாட்டேன், பாப்பாவும் இருக்கமாட்டா" என்றாள். அழவில்லை. 

நெல் கொட்டி வைத்த கிடங்குதான் என் அறை. ஜன்னல் எட்டாத உயரத்தில் இருந்தது. கதவுக்கு வெளியே பூட்டு.

உச்சிப்பொழுதில் நடுக்கம் வந்தது. நெஞ்சு படபடவென்று அடித்தது. நர்ஸ் ஜெயபாரதி வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"மாத்திரைய விட்டா இப்படித்தாங்க பயம் வரும். ஓடணும்னு தோணும். ஓடாதீங்க. மூச்சை இழுங்க, கொஞ்சம் அடக்குங்க, மெல்ல விடுங்க."

நல்ல மனுஷி. சொல்லிக்கொடுத்துவிட்டுப் பூட்டிக்கொண்டு போனார்.

இழுத்தேன். அடக்கினேன்.

என் காதோரம் யாரோ மூச்சு விட்டார்கள்.

நெல் அவிக்கும் வாசனை குப்பென்று அடித்தது. மில் மூடிப் பல வருஷம் ஆகிறது. மறுபடி அடக்கினேன். மறுபடியும் அது மூச்சு விட்டது. தொண்டையில் தவிடு அடைத்தவன் விடுவதுபோல, திணறித் திணறி.

"திறங்க! உள்ள யாரோ இருக்காங்க!"

ஜெயபாரதி ஓடிவந்து திறந்தார். கட்டிலுக்கு அடியிலும் குனிந்து பார்த்தார். யாருமில்லை.

"இங்க யாராச்சும் செத்திருக்காங்களா?" என்று கிசுகிசுத்தேன்.

அவர் என்னைப் பார்க்காமலே சொன்னார்: "நெல்லுக் குவியல் சரிஞ்சு, ஒருத்தர் உள்ள முங்கிட்டாராம். பழைய கதைங்க. உங்களுக்கு வந்திருக்கிறது வெறும் படபடப்பு. போயிரும்."

மறுபடியும் பூட்டு.

முன்னே போனால் கடிக்குது, பின்னே வந்தால் உதைக்குது என்பார்களே, அந்தக் கதிதான். ஒரே ஒரு மாத்திரை போட்டால் அந்தச் சத்தம் கேட்காது. போட்டால் ஈஸ்வரி இல்லை. ஓடினாலும் இல்லை. உண்மையைச் சொன்னால் மாத்திரைக்காக நடிக்கிறான் என்பார்கள். பாவி நான், முன்பு அப்படி நடித்தவன்தானே! பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தேன். அதுவும் என் கூடவே கிடந்தது.

சில வாரத்தில் கை நடுக்கம் நின்றது. சோறு இறங்கியது. குணமாகிவிட்டதென்று அனுப்பிவைத்தார்கள்.

வீட்டில் அன்று மத்தியானம் சாப்பிட்டுப் படுத்தேன். ஈஸ்வரி வெகுநாளைக்குப் பிறகு என் நெஞ்சில் தலை சாய்த்தாள். சந்தோஷத்தில் எனக்குக் கண் கலங்கியது.

அப்போது அந்த நெல் அவிக்கும் வாசனை வந்தது.

பயத்தில் மூச்சை அடக்கிக்கொண்டேன்.

"இப்பதாங்க உங்க மூச்சு சீரா வருது" என்றாள், கண்ணை மூடியபடியே.

சொன்னால் மறுபடி மாத்திரை போட்டுவிட்டேன் என்பாள்.  நான் இன்னும் மூச்சு விடவில்லை.

அவள் தலை என் நெஞ்சின் மேல் மெல்ல ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.