முன்னாடியே பார்த்தது யாரு?

"அடிப்பாவி! என்னை விட்டுட்டுப் பார்த்துட்டியா?"

அக்கா போட்ட கூச்சலில் வாலுவின் கையிலிருந்த பென்சில் எகிறிப் போய் விழுந்தது. ஐந்தாம் வகுப்புப் படிக்கும் அவளை வீட்டில் எல்லாரும் வாலு என்றுதான் கூப்பிடுவார்கள்.

தொலைக்காட்சித் திரையைப் பார்த்தாள். தூக்கிவாரிப் போட்டது.

ஒரு கொரியப் பள்ளிக்கூடத்தில் நடக்கும் தொடர் அது. அக்காவும் தங்கையும் தினமும் மாலையில் ஒரு பகுதி பார்ப்பார்கள். வகுப்புத் தலைவியும் ஒரு தூங்குமூஞ்சிப் பையனும் அடிக்கும் கூத்தைப் பார்த்து வயிறு வலிக்கச் சிரிப்பார்கள். ஒருத்தியை விட்டு ஒருத்தி பார்க்கக்கூடாது என்று சத்தியமே செய்திருந்தார்கள். நேற்று எட்டாவது பகுதி முடிந்தது.

ஆனால் ஒன்பதாவது பகுதியின் அடியில், பார்த்த அளவைக் காட்டும் சிவப்புக் கோடு முழுசாக ஓடியிருந்தது. பத்தாவதில் பாதிவரை!

"நான் இல்லக்கா! சத்தியமா இல்ல!"

"அப்ப யாரு, பூனையா? அம்மா ஊர்ல இல்ல. அப்பா இந்தப் பக்கமே வரமாட்டாரு. இனிமே உன்கூட உட்கார்ந்து பார்த்தா என்னை ஏன்னு கேளு!"

படார்! அறைக்கதவு சாத்திக்கொண்டது.

அக்கா பக்கத்தில் இல்லாமல் அந்தத் தொடரில் என்ன இருக்கிறது? வாலு அழுகையை விழுங்கிக்கொண்டு, வீட்டின் முன்பக்கத்தில் இருந்த அப்பாவின் தையல்கடைக்குப் போனாள்.

அப்பா பள்ளிச் சீருடை தைத்துக்கொண்டிருந்தார். தைத்து முடித்த சட்டைகள் மேசைமேல் அடுக்கப்பட்டிருந்தன. மேலே இருந்ததைத் தொட்டவள் அப்படியே நின்றுவிட்டாள்.

அது அவள் பள்ளிக்கூடத்துச் சட்டைதான். ஆனால் சட்டைப்பையின் ஓரத்தில் மஞ்சள் கோடு! அவள் பள்ளிச் சட்டையில் அப்படி ஒரு கோடு கிடையவே கிடையாது. அடுத்ததிலும் மஞ்சள் கோடு. அதற்கடுத்ததிலும்!

இந்தக் கோட்டை அவள் ஒரே ஓர் இடத்தில்தான் பார்த்திருக்கிறாள். அந்தக் கொரியப் பள்ளிக்கூடத்தில்.

"அப்பா! நீங்களா?"

அப்பா சட்டையைப் பார்த்தார். "ஐயையோ!" என்று தலையில் கைவைத்தார். நூல்கண்டுமேல் சாய்ந்திருந்த அவருடைய கைப்பேசியில் வகுப்புத் தலைவி முறைத்தபடி அசையாமல் நின்றிருந்தாள். கைப்பேசிக்கும் தொலைக்காட்சிக்கும் ஒரே கணக்கு; இதில் பார்த்தால் அதிலும் சிவப்புக் கோடு ஓடும்.

"வேலை வெட்டி இல்லாதவங்க பார்க்கறதுன்னு சொன்னீங்களேப்பா!"

"சொன்னேன்தான். பாட்டு கேக்கலாம்னு எடுத்தேன். கை தவறிப் பட்டுடுச்சு. அப்புறம் விட முடியல கண்ணு. அக்காகிட்ட மட்டும் சொல்லிடாதே, என் மானமே போயிடும்!"

"அவ என்னைத் திருடி மாதிரிப் பார்க்கறாப்பா."

அப்பாவின் முகம் சுருங்கிப் போயிற்று. வாலுவுக்குப் பாவமாக இருந்தது. இத்தனை நாளாகக் கையகலத் திரையில் தனியாகவா சிரித்துக்கொண்டிருந்தார்?

"சரி, நான் சொல்லல. ஆனா சாயங்காலம் நீங்களும் எங்ககூட உட்காரணும்."

இருவரும் சேர்ந்து ஒன்பது சட்டைகளிலும் மஞ்சள் நூலைப் பிரித்தார்கள். சாயங்காலமானதும் வாலு அக்காவின் கதவைத் தட்டினாள்.

"அக்கா, ஒன்பதாவது பகுதியப் போடு. ஏற்கெனவே பார்த்தவங்களால சும்மா இருக்கவே முடியாது. நான் மாட்டினா அப்புறம் பேசவே பேசாதே!"

அக்கா முறைத்தபடி வந்தாள். அப்பா நாற்காலியின் ஓரத்தில் பட்டும்படாமல் உட்கார்ந்தார்.

"நீங்க எங்கப்பா இங்க?" என்றாள் அக்கா.

"சும்மாதான். இடுப்பு வலி."

திரையில் பையன்கள் பெஞ்சுக்குப் பச்சை வண்ணம் அடித்துவிட்டு ஓடினார்கள். தூரத்தில் தலைமையாசிரியர் வெள்ளைக் கால்சட்டையில் வந்தார். அக்கா வாலுவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாலு இமைக்கவில்லை.

"கெக்கெக்கே!"

சிரித்தது அப்பா! தலைமையாசிரியர் இன்னும் பெஞ்சுப் பக்கமே வரவில்லை.

அக்கா மெதுவாகத் திரும்பினாள். அவள் வாய் திறந்தது, மூடவே இல்லை.

"அப்பா... நீங்களா?"

அப்பா மின்விசிறியைப் பார்த்தார்.

"வாலு... மன்னிச்சுக்கோடி," என்று தங்கையை இழுத்து அணைத்துக்கொண்டாள் அக்கா.

"அப்பாடா!" என்று அப்பா கால்நீட்டிச் சாய்ந்தார். "இனிமே ஒளிஞ்சு பார்க்க வேண்டாம். பத்தாவதுல என்ன ஆகுது தெரியுமா? அந்தத் தலைவிப் பொண்ணு..."

இரண்டு பெண்களும் பாய்ந்து அவர் வாயைப் பொத்தினார்கள்.