கம்பி கேட்டவள்

"எங்க வீட்டுக்குக் கம்பி வேணும்."

அஞ்சுகம் இப்படிக் கேட்டதும் அலை நிலையத்தில் அதுவரை கேட்டுக்கொண்டிருந்த பேச்சு சட்டென்று நின்றது. அம்மா காலையில் வாசல்வரை வந்து சொல்லி அனுப்பியிருந்தாள்: "அலையோட வேகத்தக் கூட்டிக் கேளு, வேற என்ன வேணாலும் கேளு. கம்பின்னு மட்டும் வாயத் தொறந்துராதட்டி."

தூத்துக்குடியில் அலை வேண்டாமென்று கம்பி இணைப்பு கேட்கும் வீட்டை ஊரே ஒரு மாதிரியாகப் பார்க்கும். அப்படி எதை மறைக்கிறார்கள் என்று கேட்கும். அதைக் கேட்டாலே அஞ்சுகத்துக்குப் பற்றிக்கொண்டு வரும். குடும்பத்தில் முதல் பட்டதாரி அவள். எதையாவது மறைத்து வைக்க அவர்கள் வீட்டில் ஓர் அலமாரிகூடக் கிடையாது.

பொறியாளர் வியாகப்பன் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். "படிச்ச புள்ளதான நீ? கம்பியா கேக்க?"

"படிச்சதுனாலதான் சார் கேக்கேன்."

"சரி, உள்ள வா. பாத்துட்டு அப்புறம் கேளு."

வீடுகளுக்குப் பாடமும் படமும் கொண்டுவரும் அலைவலை, சுவரைக் கடந்து ஒவ்வொருவர் நெஞ்சையும் தொட்டுத் திரும்புகிறது என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். நெஞ்சு இடறினால், வலி தொடங்குமுன் ஆம்புலன்ஸ் வந்துவிடும். கொஞ்ச நேரம் தேம்பி அழுதாலும் வண்டி வரும், அமைதி வண்டி. தேன் ஒழுகப் பேசும் இரண்டு பேர் இறங்கி, ஊசி போட்டுத் தூங்க வைத்துவிட்டுப் போவார்கள். அதனால்தான் அந்த ஊர்த் தாய்மார்கள் நடை பழகும் குழந்தைக்கே மூச்சை எண்ணி விடக் கற்றுக்கொடுத்தார்கள். அழுகை முட்டினால் உப்பளப் பேருந்தில் ஏறுவார்கள். அங்கே அலை எட்டாது. அந்தப் பேருந்தில் யாரும் யாரையும் எங்கே போகிறாய் என்று கேட்பதில்லை.

இதெல்லாம் தெரிந்திருந்தும், இருண்ட கூடத்துக்குள் காலை வைத்தவள் அப்படியே நின்றுவிட்டாள். ஊர் மொத்தமும் அந்தரத்தில் மிதந்தது. வீடு வீடாக, மாடி மாடியாக, நெஞ்சுக்கு ஒன்றாக ஒளிப்பொட்டுகள் விரிந்து சுருங்கின. துறைமுகத்தில் சுமை தூக்குகிறவர்கள் படபடத்தார்கள். தொட்டில்கள் குருவி நெஞ்சாகத் துடித்தன. ஒரு பொட்டுக்குள் இன்னொரு குட்டிப் பொட்டு மினுங்கியது. இன்னும் பிறக்காத பிள்ளை!

"எம்மாடி!" வந்த கோபம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. கை தானாகத் தன் நெஞ்சுக்குப் போனது.

"போன மழையில உங்கம்மாவக் காப்பாத்துனது இதுதான்," என்றார் வியாகப்பன். "கம்பி இழுத்தா உங்க வீட்டு மேல அலைய அணைச்சுருவோம். பொறவு அந்த நெஞ்சு நின்னாலும் எங்களுக்குத் தெரியாது. அது உனக்குச் சம்மதமா?"

அஞ்சுகம் அந்த ஒளிகளுக்குள் தன் தெருவை, தன் வீட்டைக் கண்டுபிடித்தாள். அம்மாவின் பொட்டைத் தேடினாள். அடுப்படியில் இருந்தது. அளந்து வைத்தாற்போல் ஒரே சீராக விரிந்து சுருங்கியது. அந்தச் சீர் அவளுக்குப் பழக்கம். அப்பா இறந்ததிலிருந்து அம்மா இப்படித்தான் மூச்சை எண்ணிக்கொண்டிருக்கிறாள். வீட்டுக்குள் ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டதில்லை.

பொட்டு அசைந்தது. வாசல் தாண்டியது, தெருமுனையில் சற்று நின்றது, பிறகு வேறு சில பொட்டுகளோடு சேர்ந்து வேகமாக நகர்ந்தது. ஊர் முடியும் இடத்தில் கருப்பாக ஒரு விளிம்பு. அங்கே போய் அணைந்துவிட்டது.

"சார், எங்கம்மா!"

"பயப்படாத. உப்பளத்துக்குப் போயிருக்காங்க. வந்துருவாங்க."

"அங்க வச்சு நெஞ்சு நின்னா?"

வியாகப்பன் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

"இப்பவும் எங்கம்மா உங்களுக்குத் தெரியாமத்தான அங்க போயி அழுதா? அதுவும் ஒத்தையில. வீட்ல அழுதான்னா பக்கத்துல நான் இருப்பேம்லா!"

"கோவத்துல முடிவெடுக்காதம்மா. யோசிச்சு நாளைக்கு வா."

அவள் மறுபடி அந்த ஒளிக்கடலை அண்ணாந்து பார்த்தாள். அழகாகத்தான் இருந்தது. இத்தனை பேரும் எண்ணி எண்ணி விட்ட மூச்சு!

மூலையில் தூசி படிந்து கிடந்த கம்பிச் சுருளைத் தூக்கித் தோளில் மாட்டிக்கொண்டாள். வியாகப்பன் என்னவோ சொல்லிக்கொண்டே பின்னால் வந்தார். அதற்குள் அவள் வாசலைத் தாண்டி வெயிலில் இறங்கி, உப்பளப் பேருந்துக்குக் கை காட்டிக்கொண்டிருந்தாள்.